குச்சிப்பூச்சிக்கு இலை பறிக்கப் போன கதை

இஞ்சருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கடிதத்தில் வேறு என்னத்தைப் போடுவது என்றும் தெரியவில்லை. அதனால் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே தொடங்குகிறேன். வழக்கமாக இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு படமும், பிறந்த திகதியும் போன திகதியும், சுற்றிவரப் பூப்போட்ட கரையும், கீழே நாலுவரிக் கவிதையும்தான் போடுவார்கள். கவிதை வேண்டாம், கடிதம் போட இடம் தாருங்கள் என்று கேட்டேன். "எல்லாரும் கவிதைதானே அக்கா போடுறவை" என்றார் பத்திரிகைக் கந்தோரில் இருந்தவர். எல்லாரும் போடுகிறதால்தான் எனக்கு வேண்டாம் என்றேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். சனம் வரும். எங்கள் பார்க்டேல் கட்டடத்துச் சனமும், ஸ்காபரோவில் உள்ள உங்கள் வேலைச் சிநேகிதர்களும், யூனியன்வில்லில் இருந்து உங்கள் அண்ணை குடும்பமும் வருவார்கள். சாப்பிட்டு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம் உங்களைப் பற்றிக் கதை தொடங்கும். அந்தக் கதைக்காகத்தான் இந்தக் கடிதம். எழுதுவது உங்களுக்கு, ஆனால் வருகிறவர்களும் வாசித்துவிட்டு வரவேண்டும்.

முதலில் வீட்டுப் புதினம். எனக்குப் பேக்கரியில் முழுநேர வேலை தந்துவிட்டார்கள். குசினிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. கரப்பொத்தானுக்கு மருந்தடிக்கிறோம் என்று சொல்லி மூன்றாம் மாடியிலிருந்து எங்கள் மாடிக்குக் கலைத்துவிட்டிருக்கிறார்கள். ஊரில் உங்கள் அம்மா இடம்பெயர்ந்து இருக்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களைச் சுகமா என்று கேட்டிருந்தார். நீங்கள் போனதைச் சொல்லி நாங்கள் போட்ட கடிதம் கிடைக்க முதல் எழுதியது. உங்கள் மகள் ஆரணி கண்ணாடி போட்டிருக்கிறாள். உங்கள் குச்சிப்பூச்சிகளில் ஒன்றும் உயிரோடு இல்லை.

கடைசியில் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவ்வளவு நாளும் உங்கள் படத்துக்கு முன்னால் வாய் திறக்காமல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

அதுகள் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்து ரீச்சர் வகுப்பில் வளர்த்தது பெருகிவிட்டது, விருப்பமான பிள்ளைகள் கொண்டுபோய் வளர்க்கலாம் என்று ஒரு ஜாம் போத்தலுக்குள் நாலைந்தை விட்டுக் கொடுத்திருந்தார். நான் அப்போதுதான் கரப்பொத்தானோடு மல்லுக்கட்டிவிட்டு விளக்குமாறும் கையுமாக நிற்கிறேன். மகள் போத்தலை நீட்டுகிறாள். உள்ளே ஈர்க்குத்துண்டு கால் முளைத்து நடக்கிறது. "ஊரில பூச்சி புழுவுக்குப் பயந்து வந்தது காணாதெண்டு இஞ்ச வாங்கி வளக்கப் போறியளோ?" என்று கத்தினேன். நீங்கள் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது இந்தியக் குச்சிப்பூச்சியாம். எங்கட பக்கத்து ஆக்கள்தான். ஸ்பொன்சர் இல்லாமல் வந்திருக்கினம்" என்றீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லி என்ன?

அதற்கு முதலும் நீங்கள் இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. ஐஸ்கிறீம் டப்பாவில் நத்தை, சாக்லேட் பெட்டியில் மயிர்க்கொட்டிப் புழு, ஒருமுறை என் மாவாளிக்குள் மாப்புழு. ஆனால் குச்சிப்பூச்சிகள் வந்த பிறகு அது வேறு மாதிரிப் போய்விட்டது. யாரோ குப்பையடியில் போட்ட மீன்தொட்டியைக் கழுவிக் கொண்டுவந்தீர்கள். மூடிக்குக் கொசுவலைத் துணி கட்டினீர்கள். எங்கள் கலியாணத்துக்கு வராத சொந்தக்காரரின் பெயர்களை ஒவ்வொன்றுக்கும் வைத்தீர்கள். காலையில் கந்தோர்கள் கூட்டி, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவி, வந்து சப்பாத்துக் கழற்றாமலே தொட்டிக்கு முன்னால் குந்துவீர்கள். மகளும் பக்கத்தில் குந்துவாள். அதுகள் பயந்தால் கால் ஆறையும் நீட்டிச் செத்த மாதிரி விழுந்து கிடக்கும். மெல்லமாக ஊதினால் உடம்பை ஆட்டிக்கொண்டு எழும்பும். "ஊதுங்கோ அப்பா, ஊதுங்கோ" என்பாள். கனடாவுக்கு வந்து நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அந்தத் தொட்டியடியில்தான். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, சொல்கிறேன்.

கோடையில் இலைக்குக் கஷ்டமில்லை. பார்க் ஓரத்து முட்பற்றையில் ராஸ்பெரி இலை ஆய்ந்து வருவீர்கள். பனி கொட்டத் தொடங்கியதும் ஒரு பச்சையும் இல்லை. அப்போதுதான் அந்தப் பழைய மதிலைக் கண்டுபிடித்தீர்கள். மாரியிலும் ஐவிக் கொடி பச்சையாகப் படர்ந்திருந்த மதில். பனியைத் தட்டிவிட்டுக் கொழுந்து பார்த்துக் கிள்ளவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள்.

இனி, யாரும் சொல்லாத பகுதிக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதத்திலிருந்தே உங்களுக்கு நெஞ்சு பிடித்தது. படியேறினால் நிற்பீர்கள். இடது தோள் உளைகிறது என்று எண்ணெய் பூசச் சொன்னீர்கள். "ஒண்டுமில்லை, வாய்வு" என்றீர்கள். எங்கள் ஆட்களுக்கு நெஞ்சுக்குள் எது நடந்தாலும் வாய்வுதான். நானும் உள்ளிப்பூண்டு சுட்டுத் தந்தேன், இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றித் தந்தேன். டொக்டரிடம் போங்கள் என்றால், ஒரு நாள் லீவு எடுத்தால் வேலையில் வேறு ஆளைப் போட்டுவிடுவான் என்றீர்கள். உங்கள் அண்ணையும் பெருங்காயம் சாப்பிடச் சொன்னவர். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிறகு எனக்குச் சொன்னார், இரத்தக் குழாய் கனகாலமாக அடைத்திருந்ததாம். அன்றைக்கு மதிலடியில் விழாவிட்டால் படியில், படியில் இல்லாவிட்டால் பஸ்ஸில், படுக்கையில். எப்போதாவது நடக்கத்தான் இருந்ததாம்.

நீங்கள் போன அந்தச் சனிக்கிழமைக் காலை நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளை நித்திரை. போர்வையை இழுத்து மூடிவிட்டது நான். தொட்டியில் இலை கிடந்தது, இன்னும் இரண்டு நாளைக்குப் போதும். நீங்கள் எழும்பி நெஞ்சைத் தடவிக்கொண்டு ஜன்னலடியில் நின்றீர்கள். "குளிருக்குள்ள எங்க வெளிக்கிடுறியள்?" என்றேன். "கொஞ்சம் நடந்தா வாய்வு கலையும். வரேக்க இலையும் கிள்ளிக்கொண்டு வாறன். பிள்ளையை எழுப்பாதை" என்றீர்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனீர்கள். இவ்வளவும்தான். இலைக்காக நடக்கவில்லை, நடக்கப் போனவர் இலையும் கிள்ளினீர்கள்.

நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் மதிலடியில் விழுந்து கிடந்த உங்களைக் கண்டு அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் உங்கள் உடுப்பைத் தந்தபோது ஒரு கடைப் பையும் தந்தார்கள். அதற்குள் ஐவி இலை. பையை என் கையிலிருந்து வாங்கியது உங்கள் அண்ணை. இலையைப் பார்த்ததும் அந்த மனிசன் நிலத்தில் இருந்துவிட்டார். கதை அங்கேதான் தொடங்கியது.

ஃபியூனரல் ஹோமில் ஆரணி பெட்டியடிக்குப் போய் எக்கி நின்று உங்கள் முகத்தில் ஊதினாள். ஒருமுறை இல்லை, திருப்பித் திருப்பி ஊதினாள். யாரோ ஒரு மாமி, "சீ, பிரேதத்துக்கு ஊதக்கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் ஏன் ஊதினாள் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. நீங்கள் எழும்பவில்லை என்று கண்டபிறகு அவள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க வருகிறவர், "என்னண்டு நடந்தது?" என்று கேட்கவேண்டும். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்லவேண்டும். அடுத்த ஆள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஊரில் இதை நான் குறையாக நினைத்ததில்லை. சொல்லச் சொல்லத் துக்கம் ஆறும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாசலடியில் கதிரை போட்டு இருந்து சொன்னது உங்கள் அண்ணை. நான் அறைக்குள் பாயில் கிடந்தேன். ஆரணி பெரியப்பாவின் கதிரைக் காலடியில் இருந்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் அவர் சொன்னார். பாரிஸ், லண்டன், சுவிஸ் என்று வந்த டெலிபோன்களுக்கும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

முதல் நாள், "பிள்ளையின்ர பூச்சிக்கு இலை பறிக்கப் போனவன்" என்றுதான் சொன்னார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்தவர்களுக்கு, "இலை முடிஞ்சுதெண்டு பிள்ளை கேட்டதாம்" என்று ஒரு சொல் கூடிவிட்டது. முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியத்துக்கு, "பிள்ளை கதவடியில நிண்டு அழ, அழாதை ராசாத்தி, அப்பா கொண்டாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்தான்" என்று வந்து நின்றது. கேட்ட பெண்கள் எல்லாரும் ஆரணியின் தலையைத் தடவி "பாவம் பிள்ளை" என்றார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்த என் காதில் அந்தக் குரல் விழுந்தது, சொல் விழவில்லை. விழுந்திருந்தால் எழும்பி வந்திருப்பேன். இதெல்லாம் பிறகு வந்தவர்களைக் கேட்டு அறிந்தது.

பங்குனி மாதம், ஒரு நாள் வேலையால் வருகிறேன், தொட்டி வைத்த இடம் வெறுமையாக இருக்கிறது. பல்கனிக் கதவு திறந்து கிடந்து வீடு முழுக்கக் குளிர். வெளியே தொட்டி. மூடி கழற்றி இருந்தது. எல்லாம் கால் நீட்டிக் கிடந்தன. அதுகளைத் தொட எனக்கு எப்போதும் அருவருப்பு. அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஊதினேன். ஒன்றும் ஆடவில்லை.

"ஏனம்மா இப்பிடிச் செய்தனி?" என்று கேட்டேன்.

"அவை அப்பாவைச் சாப்பிட்டிட்டினம்" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தானே இலை வேணுமெண்டு அழுதனான்."

"நீ அழேல்லை பிள்ளை. நீ அண்டைக்கு நித்திரை."

"நோ அம்மா. ஐ ரிமெம்பர். அப்பா கறுப்புச் சப்பாத்துப் போட்டவர். நான் கதவடியில நிண்டு அழுதனான். அழாதை ராசாத்தி, அப்பா கொண்டாறன் எண்டு சொன்னவர்."

நீங்கள் ஒருநாளும் அவளை ராசாத்தி என்று கூப்பிட்டதில்லை. பிள்ளை என்பீர்கள், இல்லாவிட்டால் "டேய்" என்பீர்கள். ராசாத்தி என்பது உங்கள் அண்ணையின் சொல். அப்போதுதான் எனக்கு நடந்தது முழுக்க விளங்கியது. பெரியப்பாவின் கதை அவளுக்குள் போய், அவள் கண்ணால் கண்ட மாதிரி இருந்துவிட்டது. நடக்காத ஒன்றை என் பிள்ளை நினைவு வைத்திருக்கிறாள். அதில் உங்கள் சப்பாத்து நிறம்கூடச் சரியாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை யூனியன்வில்லுக்குப் போனேன். மூன்று பஸ் மாறி, இறங்கி நடந்து போய், அண்ணையின் புதுவீட்டு வாசலில் நின்றபடியே கேட்டேன். "பிள்ளை அழுதவள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நான் என்னத்தைப் பெரிசாச் சொன்னனான்? சனம் கேக்குது. ஏதோ சொல்லத்தானே வேணும்" என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். எனக்கு ஏசுகிறதுக்கு நிறையச் சொல் இருந்தது, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். பாதியில் அந்த மனிசன் அழத் தொடங்கிவிட்டார். "செல்லடிக்கும் குண்டுக்கும் தப்பி வந்தவன். இஞ்ச வந்து வாய்வெண்டு சொல்லி மதிலடியில விழுந்து செத்தான் எண்டே நான் சனத்துக்குச் சொல்லுறது? பிள்ளை கேட்டுதெண்டு போனவன் எண்டால் ஒரு மரியாதை இருக்கெல்லே. என்ர தம்பி சும்மா சாகேல்லை எண்டு இருக்கட்டும் எண்டு நினைச்சன்" என்றார்.

என்னால் அதற்குமேல் ஏச முடியவில்லை. ஆனால் அந்த மரியாதையின் விலையை உங்கள் மகள் கொடுக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் பொல்லாதவர் இல்லை. அன்றைக்குப் பின்னேரமே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பார்க்டேலுக்கு வந்தார். ஆரணிக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். "பிள்ளை, பெரியப்பா சொன்னது பிழை. நீ அழேல்லை. அப்பா உன்னட்டச் சொல்லாமல்தான் போனவர். பெரியப்பா கூட்டிச் சொல்லிப்போட்டன்" என்றார். ஐம்பது வயது தாண்டிய மனிசன், ஒரு சின்னப் பிள்ளையிடம் கைகும்பிட்டுச் சொன்னார். ஆரணி அவர் தோளைத் தட்டினாள். "இட்ஸ் ஓகே பெரியப்பா. நீங்கள் எனக்குக் கவலை வரக்கூடாதெண்டு சொல்லுறியள். ஐ நோ" என்றாள்.

அவர் கார்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்யாத வேலையில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்கவலை கேட்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன், அவர் படம் கீறச் சொன்னார். அவள் கதவையும் சப்பாத்தையும் அழுகிற பெண்பிள்ளையையும் வடிவாகக் கீறிக் கொடுத்தாள். ரீச்சர் புதிதாகப் பொரித்த குஞ்சுகளைத் தரட்டுமா என்று கேட்டபோது, "அவைக்கு எங்கட வீடு சேஃப் இல்லை" என்றாளாம். கடிக்கிற நுளம்பை அடிக்கக்கூட விடமாட்டாள். இலை ஒன்று காலில் மிதிபட்டால் விலகிப் போகிறாள். நான் ஒருத்தி சொல்வதை அவள் எப்படி நம்புவாள்? அவளைச் சுற்றி இருந்து தலையைத் தடவியவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேரும் ஒரு கதையைச் சொல்ல, அம்மா மட்டும் வேறு கதை சொன்னால், அம்மா பொய் சொல்கிறாள் என்றுதானே பிள்ளை நினைக்கும்.

ஒரே ஒரு கேள்வி உங்களிடம் இருக்கிறது. அன்றைக்குக் கதவைச் சாத்த முதல் ஒருதரம் அவளை எழுப்பியிருந்தால் என்ன? கண்ணைக் கசக்கிக்கொண்டு "பாய் அப்பா" என்று ஒரு சொல் சொல்லியிருப்பாள். உண்மையாக நடந்த ஒன்று அவளிடம் இருந்திருக்கும். இப்போது இருக்கிறது வேறொருவர் கட்டிக் கொடுத்தது. எழுப்பாதே என்று நீங்கள் சொன்னது அவள் நித்திரை குழம்பக்கூடாது என்றுதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் சில நேரம் கோபம் வருகிறது. நீங்கள் இருந்தால் சண்டை பிடித்துத் தீர்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், நீங்களும் கேளுங்கள். இந்த முறை வாசலடிக் கதிரையில் நான்தான் இருக்கப்போகிறேன். அண்ணையிடம் சொல்லிவிட்டேன், ஓம் என்றார். என் பக்கத்தில் இன்னொரு கதிரையில் ஆரணி இருப்பாள். அவளுக்கு முன்னால் குனிந்து "பாவம் பிள்ளை" என்று ஒருத்தரும் தலையைத் தடவவேண்டாம். வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் கேளுங்கள், "என்னண்டு நடந்தது?" என்று. தெரிந்தவர்களும் கேளுங்கள். போன வருடம் கேட்டவர்கள் கட்டாயம் கேளுங்கள். உங்கள் வாயால்தான் அந்தக் கதை பெருத்தது, உங்கள் காதால்தான் அது மெலியவேண்டும்.

நான் ஐப்பசி மாதத்திலிருந்து தொடங்குவேன். படியில் நின்று மூச்சு வாங்கியதைச் சொல்வேன், உள்ளி சுட்டதைச் சொல்வேன், டொக்டர் சொன்னதைச் சொல்வேன். சொல்லி முடிய அடுத்த ஆள் வரட்டும், மறுபடி ஐப்பசியிலிருந்து தொடங்குவேன். டெலிபோனில் கேட்பவர்களுக்கும் அப்படியே. வாய் உலர்ந்தால் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வேன்.

இஞ்சருங்கோ, உங்களுக்கு நான் தருகிற வாக்கு இது ஒன்றுதான். இந்த வருடம் சொன்னது போதாவிட்டால் அடுத்த வருடத் திவசத்துக்கும் சொல்வேன், அதற்கடுத்த வருடமும் சொல்வேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வந்தவருக்கு நான் வாய் திறக்க முதல் அவள் முந்திக்கொண்டு, "எனக்குத் தெரியும். நான் நித்திரை" என்று தானாகச் சொல்கிற நாள்வரைக்கும் சொல்வேன்.

உங்கட மனுசி,
ஆரணியின்ர அம்மா